மன்னார் வளைகுடாவில் மூன்று நாள்: பாய்மரப் போர்க்கப்பல்கள் எப்படிச் சண்டையிட்டன?

பாய்மரப் போர்க்கப்பல்களின் சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வரும். பீரங்கி அதிகம் உள்ள கப்பல் ஜெயிக்கும் என்பது ஒன்று. தோற்ற கப்பல் கடலுக்குள் போய்விடும் என்பது இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் தவறு. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காலக் கடல் வரலாற்றைப் படித்தால் பல விஷயங்கள் பிடிபடாது. சில சண்டைகள் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கின்றன, சில மூன்று நாள் இழுத்திருக்கின்றன. ஒரே கப்பல் இன்று பிரெஞ்சுக் கொடியோடும் சில ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயக் கொடியோடும் வருகிறது. ஏன் இப்படி?

இதை விளக்க நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளலாம். 1808 மார்ச் 6. ஆங்கிலேயருக்கும் நெப்போலியனின் பிரான்ஸுக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம். இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டிருந்த 'சான் ஃபியோரென்சோ' என்ற ஆங்கிலேயக் கப்பல், கன்னியாகுமரிக்கு அப்பால் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று வணிகக் கப்பல்களைக் கடந்தது. சற்று நேரத்தில், அந்த வணிகக் கப்பல்களைக் குறிவைத்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வருவது தெரிந்தது. அதன் பெயர் 'பியேமோந்தேஸ்'. அன்று மொரீஷியஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து புறப்பட்டு இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களைப் பிடிப்பதே அதன் வேலை.

இரண்டுமே ஃபிரிகேட் வகை. பீரங்கிகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் வரிசையாக இருக்கும், மூன்று பாய்மரம் கொண்ட, வேகமான நடுத்தரப் போர்க்கப்பலுக்கு அந்தப் பெயர். பதிவேட்டின்படி ஆங்கிலேயக் கப்பல் 36 பீரங்கி, பிரெஞ்சுக் கப்பல் 40 பீரங்கி. பிரெஞ்சுக் கப்பலில் 366 பிரெஞ்சுக்காரர்களும், பாய்களை இயக்க ஏறத்தாழ 200 லஸ்கர்களும் இருந்தார்கள். லஸ்கர்கள் என்றால் அக்கால ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகள். ஆங்கிலேயக் கப்பலில் ஆள்பலம் இதில் பாதிகூட இல்லை. இந்த எண்களை மட்டும் பார்த்தால் பிரெஞ்சுக் கப்பல்தான் வென்றிருக்க வேண்டும்.

பீரங்கிகள் பக்கவாட்டில்தான் இருந்தன

எல்லாவற்றுக்கும் அடிப்படையான சங்கதி இது. கப்பல் முன்னோக்கிப் போகிறது. ஆனால் அதன் பீரங்கிகள் இடமும் வலமும் பார்த்து நிற்கின்றன.

நம் ஊர் அரசுப் பேருந்து இரண்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அகலமான மைதானம். இரண்டிலும் ஜன்னலுக்கு ஒருவராக ஆட்கள் உட்கார்ந்து, கையில் வண்ணத்தண்ணீர் நிரப்பிய பலூன் வைத்திருக்கிறார்கள். ஜன்னல்கள் பக்கவாட்டில் மட்டும். பேருந்துகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் இருதரப்பும் எறியலாம், இரண்டும் சமமாக நனையும். ஒரு பேருந்து இன்னொன்றைத் துரத்தினால் இரு பக்கமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், குறி கிடைக்காது. ஆனால் ஒரு பேருந்து மற்றதன் பின்பக்கத்தைக் குறுக்காகக் கடந்தால்? கடக்கும் பேருந்தின் ஒரு பக்க ஜன்னல் அத்தனைக்கும் இலக்கு கிடைக்கும். மற்றதன் ஆட்களால் பதிலுக்கு ஒரு பலூன்கூட எறிய முடியாது. பின் கண்ணாடியை உடைத்து உள்ளே போகும் பலூன் நடைபாதை நெடுக எல்லோரையும் நனைத்துக்கொண்டு ஓட்டுநர் வரை போகும்.

கப்பல் சண்டையின் இலக்கணம் இதுதான். ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் ஒன்றாக, அல்லது வரிசையாக அடுத்தடுத்து, சுடுவதைப் பக்கச்சூடு என்று வைத்துக்கொள்வோம். எதிரியின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ குறுக்காகக் கடந்து, குண்டு அவன் கப்பலின் முழு நீளத்தையும் ஊடுருவிப் போகும்படி சுடுவது நெடுக்குச்சூடு. பின்பக்கம்தான் அதிக ஆபத்து. அங்கேதான் கேப்டன் அறையின் அலங்காரக் கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. கப்பலின் பக்கச் சுவர்கள் தடித்த ஓக் மரம், பின்பக்கமோ கண்ணாடியும் மெல்லிய பலகையும். அதன் வழியாக நுழையும் குண்டு, பீரங்கித் தளத்தில் இரு வரிசையாக நிற்கும் ஆட்களுக்கு நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும்.

ஆகவே இரு கேப்டன்களும் தேடுவது ஒன்றே: தன் பக்கவாட்டை எதிரியின் முனைக்கு நேரே கொண்டுவர வேண்டும், தன் முனையை எதிரியின் பக்கவாட்டுக்குக் காட்டிவிடக் கூடாது.

காற்றுதான் இயந்திரம்

பேருந்து ஓட்டுநர் நினைத்த திசையில் திருப்பலாம். பாய்க்கப்பலின் கேப்டனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கி நேராக எந்தப் பாய்க்கப்பலும் போக முடியாது. குறுக்குக் கழிகளில் சதுரப் பாய் கட்டிய போர்க்கப்பல்கள் காற்று வரும் திசையிலிருந்து 65, 70 டிகிரி விலகித்தான் ஓட முடிந்தது. காற்றை எதிர்த்துப் போக வேண்டுமென்றால் இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடி, மெல்ல மெல்லத்தான் முன்னேற வேண்டும்.

இரண்டு கப்பல்களை இப்போது கடலில் வையுங்கள். ஒன்று காற்று வரும் பக்கம் இருக்கிறது, மற்றது காற்று போகும் பக்கம். முதல் கப்பல் நினைத்த நேரத்தில் காற்றோடு இறங்கி வந்து தாக்கலாம், வேண்டாமென்றால் தள்ளியே நிற்கலாம். இரண்டாவது கப்பலால் அதை நெருங்குவது கடினம். சண்டையை எப்போது தொடங்குவது, எவ்வளவு நெருக்கத்தில் நடத்துவது என்பதைக் காற்று வரும் பக்கத்தில் இருப்பவனே முடிவு செய்கிறான். இந்த அனுகூலத்தைக் காற்றுச்சாதகம் என்று சொல்லலாம். பீரங்கிப் புகை எதிரியின் மீது போய்க் கவிவது கூடுதல் லாபம்.

மற்ற பக்கத்துக்கும் ஒரு நன்மை உண்டு: தப்பி ஓடுவது எளிது. பாதிக்கப்பட்ட கப்பல் காற்றோடு விலகிப் போய்விடலாம். இதனால்தான் கப்பல் சண்டைகளில் பெரும் பகுதி நேரம் சுடுவதில் கழியவில்லை, இடம் பிடிப்பதில் கழிந்தது.

மன்னார் வளைகுடாவில் நடந்ததும் அதுவே. மார்ச் 6 அன்று முழுக்கத் துரத்தல். பியேமோந்தேஸின் கேப்டன் ழாக் எப்ரோன் சண்டையை விரும்பவில்லை. இதைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்கள் உண்டு, நான் ஏற்கவில்லை. வணிகக் கப்பல்களைப் பிடிக்க வந்தவன் தன் கப்பலுக்குச் சேதம் வந்தால் அதை எங்கே சரிசெய்வான்? மொரீஷியஸ் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜெயித்தாலும் பாய்மரம் முறிந்தால் அவன் வேலை முடிந்தது. ஆங்கிலேயக் கேப்டன் ஜார்ஜ் நிக்கோலஸ் ஹார்டிஞ்சுக்கோ கொழும்பும் காலியும் அருகிலேயே இருந்தன. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில்தான் அவரால் எட்டிப் பிடிக்க முடிந்தது. பத்து நிமிடம் போலச் சுட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கப்பல் வேகமெடுத்து எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

பாயைச் சுடுவதா, உடலைச் சுடுவதா?

மறுநாள் காலை ஆறரை மணிக்கு முன்பே மீண்டும் சண்டை. இந்த முறை ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதன் முடிவில் நடந்ததைப் பார்த்தால், சுடுபவன் எதைக் குறிவைக்கிறான் என்பது எவ்வளவு முக்கியம் என்று விளங்கும்.

பாய்க்கப்பலின் உயிர் அதன் மேற்பகுதியில் இருக்கிறது. செங்குத்தாக நிற்கும் பாய்மரங்கள், அவற்றின் குறுக்கே பாயைத் தாங்கும் பருமல்கள், மரங்களை இழுத்துக் கட்டிய தடித்த கயிறுகள், பாயைத் திருப்பும் மெல்லிய கயிறுகள். இவற்றில் சில முக்கியமானவை அறுந்தால் போதும், கப்பல் முடமாகிவிடும். மேற்பகுதியை அறுப்பதற்கென்றே இரண்டு துண்டு இரும்பைச் சங்கிலியாலோ கம்பியாலோ இணைத்த குண்டுகள் இருந்தன. பிரெஞ்சுக் கப்பல்கள் பொதுவாக மேலே சுடுவதை விரும்பின. எதிரியை முடக்கிவிட்டுத் தன் வழியே போவதற்கு அது பொருத்தமான முறை. ஆங்கிலேயர் பொதுவாகக் கீழே, கப்பலின் உடலில் சுட்டார்கள். உடலில் சுட்டால் பீரங்கிகளும் அவற்றை இயக்கும் ஆட்களும் அடிபடுவார்கள்.

அலையில் கப்பல் உருளும்போது எந்த நொடியில் திரியைத் தொடுகிறார்கள் என்பதே உயரத்தைத் தீர்மானித்தது. தன் பக்கம் மேலெழும்போது சுட்டால் குண்டு பாயில், கீழிறங்கும்போது சுட்டால் உடலில்.

மார்ச் 7 காலை எட்டேகால் மணிக்குப் பியேமோந்தேஸ் விலகி ஓடியபோது சான் ஃபியோரென்சோவால் துரத்த முடியவில்லை. நடுமரத்தின் பருமல் ஒன்றைக் குண்டு துளைத்திருந்தது, உச்சியில் ஒரு துண்டு முறிந்திருந்தது, கயிறுகள் அறுந்து பாய்கள் எல்லாம் கந்தலாகியிருந்தன. பிரெஞ்சுக் கப்பலின் சூடும் கடைசி நேரத்தில் தளர்ந்திருந்தது என்று ஆங்கிலேயர் கவனித்தார்கள். ஒருவன் மற்றவனின் காலை ஒடித்தான், மற்றவன் இவன் கையை ஒடித்தான். கப்பல்கள் இரண்டும் மிதந்துகொண்டுதான் இருந்தன.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். பீரங்கிகள் பக்கவாட்டில் இருப்பதால் நிற்கும் கோணம் முக்கியம். கோணத்தைத் தருவது காற்று. காற்றைப் பயன்படுத்துவது பாயும் கயிறும். ஆகவே பாயும் கயிறும் போனால் கோணமும் போகும்.

மரம் விழுந்தால் கப்பல் தானே திரும்பும்

இந்தச் சங்கிலித் தொடருக்கு மிகத் தெளிவான உதாரணம் 1812 ஆகஸ்ட் 19 அன்று அட்லாண்டிக் கடலில் அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்', ஆங்கிலேயரின் 'கெரியேர்' இரண்டுக்கும் நடந்த சண்டை. கெரியேரின் பின்மரம் முறிந்து கடலில் விழுந்தது. விழுந்த மரம் கயிறுகளால் கப்பலோடு பிணைந்தபடியே தண்ணீரில் இழுபட்டது. அது ஒரு சுக்கானைப் போல வேலை செய்து, கேப்டன் விரும்பாத பக்கம் கப்பலைத் திருப்பிவிட்டது. கான்ஸ்டிட்யூஷன் அதன் முன்னால் குறுக்கே போய் நெடுக்குச்சூடு நடத்தியது. பிறகு மற்ற இரு மரங்களும் விழுந்தன. அசைய வழியில்லாத மரக்கட்டையாகக் கெரியேர் சரணடைந்தது.

இந்தச் சண்டையில் பீரங்கிக் கணக்கும் பேசியது என்பதை மறைக்கக் கூடாது. கெரியேரின் முதன்மைப் பீரங்கிகள் 18 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடுபவை, கான்ஸ்டிட்யூஷனுடையவை 24 பவுண்டு. அமெரிக்கக் கப்பலின் மரச்சுவரும் கனமானது. எண்ணிக்கையைவிட, ஒரு பக்கச்சூட்டில் மொத்தம் எத்தனை எடை இரும்பு போய் விழுகிறது என்பதே சரியான கேள்வி. அதோடு, கப்பலின் பெயருக்கு முன்னால் போடும் '36', '40' போன்ற எண்கள் உண்மைக் கணக்கும் அல்ல. கரோனேட் எனப்பட்ட குட்டையான, எடை குறைந்த, கிட்டத்தில் மட்டும் பெரிய குண்டு சுடும் பீரங்கிகள் மேல்தளத்தில் இருந்தன. பல காலம் அவற்றை அந்த எண்ணில் சேர்க்கவே இல்லை.

கைவேகம்

ஒரு 18 பவுண்டுப் பீரங்கி ஏறத்தாழ இரண்டு டன் எடை. சுட்டவுடன் அது பின்னோக்கிப் பாயும், தடித்த கயிறு பிடித்து நிறுத்தும். ஈரப் பஞ்சுக்கோலால் குழாயில் மிச்சமிருக்கும் தீப்பொறியை அணைக்க வேண்டும். வெடிமருந்துப் பை, குண்டு, அடைப்பு எல்லாவற்றையும் வாய் வழியாக இட்டு இடித்து இறக்க வேண்டும். பிறகு அந்த இரண்டு டன்னை, ஆடும் தளத்தில், புகைக்கு நடுவே, கயிறு பிடித்து மீண்டும் சுவர் ஓட்டைக்கு இழுக்க வேண்டும். அதன் பிறகே குறி. தேர்ந்த குழு இதை ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். பழகாத குழுவுக்கு இரண்டு மடங்கு நேரமும் ஆகலாம். அப்படியானால் 20 பீரங்கியை வேகமாக இயக்குபவன் 40 பீரங்கி உள்ளவனுக்குச் சமம் ஆகிவிடுகிறான். பீரங்கிகளை எண்ணிப் பார்ப்பவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

1813 ஜூன் 1 அன்று பாஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயரின் 'ஷானன்', அமெரிக்காவின் 'செசபீக்' இரண்டும் மோதின. இரண்டும் 38 பீரங்கிக் கப்பல்கள், அளவிலும் கிட்டத்தட்டச் சமம். ஷானனின் கேப்டன் பிலிப் புரோக் 1806 முதல் அதே கப்பலில் இருந்து தன் ஆட்களைப் பீரங்கிப் பயிற்சியில் ஓயாமல் ஈடுபடுத்தியவர். செசபீக்கின் கேப்டன் ஜேம்ஸ் லாரன்ஸ் அந்தக் கப்பலுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. முதல் சில நிமிடங்களிலேயே செசபீக்கின் சுக்கான் சக்கரத்தில் நின்றவர்கள் விழுந்தார்கள், முன்பாய்களை இயக்கும் கயிறுகள் அறுந்தன. பிடிப்பார் இல்லாத கப்பல் தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நின்றது. நின்ற கப்பல் பின்னோக்கி நகர்ந்து, தன் பின்பக்கத்தைத் தானே ஷானனுக்குக் காட்டியது. அடுத்து நெடுக்குச்சூடு, அதன்பின் புரோக்கும் அவர் ஆட்களும் வாளோடு தாவி ஏறினார்கள். எல்லாம் கால் மணி நேரத்துக்குள். இருதரப்பிலும் சேர்த்து 200 பேருக்கு மேல் இறந்தோ காயமுற்றோ விழுந்தார்கள். லாரன்ஸ் காயத்தால் இறந்தார்.

ஏன் மூழ்கவில்லை?

18 பவுண்டுக் குண்டின் விட்டம் 13 சென்டிமீட்டர். அது போடும் ஓட்டை பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கும். கீழே விழுந்தாலும் கப்பல் தச்சர்கள் மர ஆப்புகளோடு காத்திருப்பார்கள், நீரை இறைக்கப் பம்புகள் உண்டு. குண்டு வெறும் இரும்பு, உள்ளே வெடிமருந்து கிடையாது. கப்பலோ முழுக்க மரம்.

சேதம் கப்பலுக்கு ஆனதைவிட மனிதர்களுக்கு ஆனதே அதிகம். குண்டு ஓக் சுவரைத் துளைக்கும்போது உட்புறம் கூரிய மரச்சிம்புகள் தெறித்துப் பாயும். நேரடியாகக் குண்டு படாதவர்களையும் அவை கிழித்தன. கிட்டத்தில் சுடும்போது சிறுகுண்டுகளைப் பையில் கட்டிய கொத்துக்குண்டும் பயன்பட்டது, அது மேல்தளத்தில் நிற்பவர்களுக்கானது. கப்பல் சண்டைகளைச் சாகசமாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். ஆயுதத்தின் உண்மையான இலக்கு, ஒளிந்துகொள்ள இடமில்லாத ஒரு தளத்தில் வரிசையாக நின்ற மனிதர்கள்.

மூழ்கடிக்க யாரும் விரும்பவும் இல்லை. பிடிபட்ட கப்பலுக்கு அரசு பணம் கொடுத்தது. கேப்டன் முதல் சாதாரண மாலுமி வரை அதில் பங்கு உண்டு. மூழ்கிய கப்பலை யாராலும் விற்க முடியாது.

விதிவிலக்குகள் இருந்தன. வெடிமருந்து அறையில் தீ புகுந்தால் கப்பல் வெடித்துச் சிதறும். 1779 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்துக் கரையருகே அமெரிக்கத் தரப்பின் ஜான் பால் ஜோன்ஸ், 'போனோம் ரிச்சார்' கப்பலைக் கொண்டு ஆங்கிலேயரின் 'செராபிஸ்' கப்பலைப் பிடித்தார். மூழ்கியது எது தெரியுமா? வென்றவரின் கப்பல். அது தாங்காது என்று தெரிந்து, ஜோன்ஸ் தான் பிடித்த செராபிஸில் ஏறிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள்

மன்னார் வளைகுடாவுக்குத் திரும்புவோம். மார்ச் 7 அன்று நண்பகலுக்குள் சான் ஃபியோரென்சோவின் ஆட்கள் கயிறுகளை மாற்றிக் கட்டி, பாய்களைத் தைத்துத் தயாராகிவிட்டார்கள். இந்தச் சண்டை முழுவதிலும் தீர்மானமான வேலை அதுதான் என்பேன். பீரங்கியால் பெற்ற அனுகூலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தித் தப்பிப்பதற்கு முன், ஊசியும் கயிறும் அதைத் திருப்பி வாங்கிவிட்டன.

மார்ச் 8 அன்று ஹார்டிஞ்ச் எல்லாப் பாயும் விரித்து இறங்கி வந்தார். பிரெஞ்சுக் கப்பலின் பின்னால் குறுக்கே திரும்பி, காற்றுச்சாதகத்தைப் பிடிக்க முயன்றார். எப்ரோன் அதுவரை விலகாமல் இருந்தவர், அதைப் பார்த்ததும் தானும் திருப்பி ஓடினார். ஏன் அந்த நொடியில் ஓடினார் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

ஓட முடியாது என்றானதும் பியேமோந்தேஸ் திரும்பியது. பிற்பகலில் இரு கப்பல்களும் எதிரெதிர்த் திசையில், மிக நெருக்கமாக, ஒன்றையொன்று கடந்தபடி சுட்டன. இரண்டாவது பக்கச்சூட்டிலேயே கொத்துக்குண்டு பட்டு ஹார்டிஞ்ச் இறந்தார். லெப்டினன்ட் வில்லியம் டாசன் பொறுப்பேற்றார். ஒரு மணி இருபது நிமிட நெருக்கச் சண்டைக்குப் பிறகு பிரெஞ்சுக் கப்பல் கொடியை இறக்கியது. கொடியை இறக்குவதுதான் சரணடையும் அடையாளம். அதன் ஆட்கள் தொப்பிகளை அசைத்து, படகு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள்.

மூன்று நாளில் ஆங்கிலேயர் தரப்பில் இறந்தவர்கள் 13 பேர். பிரெஞ்சுத் தரப்பில் ஏறத்தாழ 50 பேர், காயமுற்றவர்கள் அதைவிட மிக அதிகம். உடலைக் குறிவைத்தவனுக்கும் பாயைக் குறிவைத்தவனுக்கும் உள்ள வேறுபாடு இந்த எண்களில் தெரிகிறது. அந்த லஸ்கர்களைப் பற்றி டாசனின் அறிக்கை சொல்வது எண்ணிக்கையையும், பாய்களை இயக்கினார்கள் என்பதையும் மட்டுமே. அவர்களுடைய போர் அல்லாத ஒரு போரில், எல்லாக் குண்டுகளுக்கும் நடுவே, அந்தக் கப்பலை மூன்று நாள் ஓட்டியவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

பியேமோந்தேஸின் மரங்கள் சரணடைந்த பிறகு விழுந்தன. அப்படியும் கப்பல் மூழ்கவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அதை வென்ற சான் ஃபியோரென்சோவே பிரெஞ்சுக்காரர்கள் தூலோனில் கட்டிய கப்பல்தான். 'மினர்வ்' என்ற பெயரில் இருந்த அதை 1794-இல் கோர்சிகாவில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்தார்கள். பியேமோந்தேஸும் அதே வழியில் ஆங்கிலேயக் கடற்படையில் சேர்ந்தது. 1810 மே மாதம் மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ஒரு சிறு படையணியில் அதுவும் இருந்தது. அந்த ஆகஸ்டில் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள, ஜாதிக்காய்க்குப் பேர்போன பாண்டா தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து அந்தப் படையணி பிடித்தது.